லைவ் ராக்கில் ஒட்டி வந்தவை: பழுப்பு அனிமோன், முடிப்புழு, ராத்திரியில் ‘டக்’ சத்தம். பாறையைக் கொதிக்க வைக்கலாமா?

நீலத்தொட்டி (சிங்கப்பூர்):
வணக்கம். என்னுடையது 90 லிட்டர் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. இரண்டு க்ளவுன் மீன், சில நத்தைகள், ஒரு துறவி நண்டு, கொஞ்சம் மென்பவளம், அவ்வளவுதான். டேங்கைக் கலைத்துவிட்ட ஒருவரிடமிருந்து ஜோவாந்திட் (பவளம் மாதிரி கூட்டமாகப் படரும் உயிரினம்) படர்ந்த லைவ் ராக் (உயிரிகள் குடியிருக்கும் கடல் பாறை) ஒன்று வாங்கி வைத்தேன். இப்போது அதில் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பழுப்பு நிறத்தில், மெல்லிய தண்டோடு குட்டி அனிமோன்கள் (பூ மாதிரி கை விரிக்கும் கடல் உயிர்கள்) நிற்கின்றன. விரலைக் கிட்டே கொண்டு போனாலே சுருக்கென்று ஓட்டைக்குள் போய்விடுகின்றன. ஒன்றைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன், இப்போது அதே இடத்தைச் சுற்றி நாலைந்து முளைத்திருக்கின்றன. ராத்திரி டார்ச் அடித்தால் விரல் நீளத்துக்கு, ரோஸ் நிறத்தில், இரண்டு பக்கமும் வெள்ளை முடியோடு ஒரு புழு. போதாததற்கு விளக்கை அணைத்த பிறகு எங்கிருந்தோ ‘டக்’ என்று ஒரு சத்தம். தெரிந்தவர் ஒருவர் பாறையை வெளியே எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடு, எல்லாம் ஒழிந்துவிடும் என்கிறார். செய்யலாமா?

உப்புக்காற்று:
செய்யாதீர்கள். வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ஜோவாந்திட், பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது, அது சூட்டுக்கு அடங்காது, ஆவியோடு சேர்ந்து நுரையீரலுக்குள் போகும். பாறையைக் கொதிக்க வைத்தோ சுரண்டித் தேய்த்தோ குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்தப் பாறையைத் தொடும்போதுகூடக் கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்கவே வேண்டாம்.

நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அந்தப் பழுப்பு அனிமோன் ஐப்டேசியாதான், தொட்டியில் களை மாதிரி பெருகும் வகை. மெஜானோ என்ற இன்னொரு அனிமோனாக இருந்தால் குட்டையாக, தடித்து, கைகளின் நுனி உருண்டையாக இருக்கும். ஐப்டேசியாவுக்கு நுனி கூராக இருக்கும். சுரண்டினால் பெருகும், ஏனென்றால் அடிப்பாதத்தில் ஒரு துணுக்கு பாறையில் மிஞ்சினாலே அது புது அனிமோனாக வளர்ந்துவிடும். மருந்து என்று காப்பர் எதையும் ஊற்றிவிடாதீர்கள், நத்தை, இறால், பவளம் எல்லாம் போய்விடும், பாறையும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கடலோடி72:
நாலைந்துதான் என்றால் சுண்ணாம்பு போதும். கால்க்வாசர் பவுடர், அதாவது சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு, அதைக் கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்துச் சிரிஞ்சில் ஏற்றுங்கள். எல்லாப் பம்பையும் நிறுத்துங்கள். அனிமோன் முழுசாக விரிந்திருக்கும்போது நுனியை மெதுவாக வாய்க்குக் கிட்டே கொண்டு போய், இடிக்காமல் பிதுக்கினால் அதுவே தீனி என்று விழுங்கும். அப்புறம் சுருங்கியதும் அந்த ஓட்டையையே பேஸ்டால் அடைத்து விடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் அடிக்காதீர்கள், 90 லிட்டரில் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) சட்டென்று ஏறிவிடும். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கிறார்களோ.

நிறையப் பரவிவிட்டால் பெப்பர்மின்ட் இறால் விடலாம். ஆனால் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்: உடம்பில் சிவப்புக் கோடுகள் மட்டும் இருந்தால் பெப்பர்மின்ட். சிவப்போடு வெள்ளைப் பட்டையும் புள்ளியும், முதுகில் கூனும் இருந்தால் அது கேமல் இறால், உங்கள் ஜோவாவையே தின்றுவிடும்.

உப்புக்காற்று:
பெப்பர்மின்ட் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வயிறு நிறைந்திருந்தால் ஐப்டேசியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது, பெரியதைத் தொடவும் செய்யாது. என்னைக் கேட்டால் பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தைதான், ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது. ராத்திரி வேலை செய்யும், விலை அதிகம், ஐப்டேசியா தீர்ந்ததும் பட்டினியில் செத்துவிடும். இறாலையும் பெர்கியாவையும் சேர்த்து விடாதீர்கள், இறால் அதைத் தின்றுவிடும்.

நீலத்தொட்டி:
ரொம்ப நன்றி. கொதிக்க வைக்கும் யோசனையை விட்டாச்சு. சுண்ணாம்பில் ஆரம்பிக்கிறேன். அந்தப் புழு?

பழையபாறை:
தம்பி, புழுவை விட்டுவிடுங்கள். ரோஸ் உடம்பு, வெள்ளை முடி என்றால் பெரும்பாலும் சாதாரண பிரிஸில் வார்ம், அதாவது முடிப்புழுதான். மிச்சத் தீனியையும் செத்ததையும் தின்று மணலைச் சுத்தமாக வைக்கும். கூட்டம் கூடினால் தீனியைக் குறையுங்கள், தானே குறையும். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள், முடி குத்தினால் செலோடேப்பை ஒட்டி உரித்து எடுங்கள். பயப்பட வேண்டியது தீப்புழு: தடிமனாக இருக்கும், முடிக்கற்றைக்குப் பக்கத்தில் சிவப்பாகக் கிளைவிட்ட செவுள், தலையில் மடிப்பு மடிப்பாகச் சதை. அது பவளத்தைத் தின்னும். இன்னொன்று, தலையில் ஐந்து கொம்பு, உடம்பில் வானவில் மினுமினுப்பு என்றால் யூனிஸ் குடும்பம், அதையும் எடுத்துவிடுவது நல்லது.

சத்தத்துக்கு: நத்தை ஓடு உடைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். உடையாமல் இருந்தால் பெரும்பாலும் பிஸ்டல் இறால், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும், வைத்துக்கொள்ளலாம், கோபி மீனோடு ஜோடி சேர்ந்தால் பார்க்கவே அழகு. ஓடு நொறுங்கி, நண்டும் காணாமல் போனால் மான்டிஸ் இறால். பாறையை வாளியில் எடுத்து, வளைக்குள் சிரிஞ்சால் சோடாத் தண்ணீர் அடித்தால் வெளியே ஓடிவரும். கையை விட்டுத் தேடாதீர்கள், விரலைக் கிழித்துவிடும்.

மண்டபம்_பையன்:
எங்கள் ஊர்க் கடற்கரையில் கல் எடுத்து வெயிலில் காய வைத்துப் போடலாமா? புழு, அனிமோன் எதுவும் இருக்காதே.

கடலோடி72:
வேண்டாம் தம்பி. கடினப் பவளங்கள் 2001 முதல் இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த பவளக்கல்லும் அதில் அடங்கும், புலி அளவுக்குப் பாதுகாப்பு. கடையில் கிடைக்கும் செயற்கை உலர் பாறையை வாங்குங்கள். அதில் இப்படி எதுவும் ஒட்டி வராது, ஆனால் பாக்டீரியா பிடிக்க வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். பவளத் துண்டு வாங்கினால் மட்டும் டிப் செய்து (ஒட்டி வந்ததைக் கொல்லும் மருந்துக் கரைசலில் முக்கி), அடியில் இருக்கும் வட்டக் கல்லை வெட்டி எறிந்துவிட்டு வேறு கல்லில் ஒட்டுங்கள், டிப் முட்டைகளைக் கொல்லாது.