தீவகத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் பத்துக் கிழமை ஆங்கிலம் படிப்பிக்க வரலாமா?

ரொறன்ரோ_வடலி கேட்டது:

வணக்கம். கனடாக் கோடை விடுமுறையில், யூலை தொடக்கம் செப்ரெம்பர் நடு வரை, யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவகத்தில் பிள்ளைகள் குறைந்த ஒரு பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாமல் ஆங்கிலம் படிப்பிக்க எண்ணம். ஆங்கிலம் சரளம். தமிழ் கதைப்பேன், எழுதுவது கொஞ்சம் தடக்கும். ஆசிரியர் பயிற்சி இல்லை. அனுமதி யாரிடம் எடுப்பது? என்ன கொண்டுவருவது? வகுப்பில் எதிலிருந்து தொடங்குவது? கதைப் புத்தகங்கள் இரண்டு பெட்டி சேர்த்து வைத்திருக்கிறேன்.

கோட்டடி_வாசி:

முதலில் மாதத்தைப் பாருங்கள். இரண்டாம் தவணை விடுமுறை வழக்கமாக ஓகஸ்ற்றில் விழும், அதற்கு முன்னால் தவணைப் பரீட்சை. உங்கள் பத்துக் கிழமையில் படிப்பிக்கக் கிடைப்பது சொற்பம். கொரோனாவுக்குப் பிறகு தவணைத் திகதிகள் ஆண்டுக்காண்டு நகர்ந்துகொண்டிருக்கின்றன, ஆகவே ரிக்கெற் எடுக்க முதல் அந்த ஆண்டின் தவணை அட்டவணையை அதிபரிடம் வாங்குங்கள். தை மாசி என்றால் பொங்கலோடு இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் (விளையாட்டு) போட்டிப் பயிற்சி தொடங்கி, கடைசிப் பாடவேளைகள் மைதானத்துக்குப் போய்விடும். கார்த்திகை மாரியில் வரவு குறையும். குழப்பம் குறைந்தது மே, யூன்.

அனுமதி விடயம். சின்னப் பள்ளிகள் அநேகமாக மாகாணப் பாடசாலைகள். அதிபர் மனம் நிறைய "வாங்கோ" என்பார், ஆனால் அது அனுமதி அல்ல. அவருடைய கோரிக்கைக் கடிதம் கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் போய், அங்கிருந்து எழுத்தில் பதில் வரவேண்டும். தொடங்கும் திகதி, முடியும் திகதி, எந்தத் தரங்கள், கிழமைக்கு எத்தனை பாடவேளை என்பவை கடிதத்தில் இருக்கட்டும். இன்னொரு வரியும் கட்டாயம்: "பாட ஆசிரியர் வகுப்பில் உடன் இருப்பார்." இதை எழுதாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? ஆள் பற்றாக்குறைப் பள்ளியில் உங்களைக் கண்டவுடன் ஆங்கில ஆசிரியையை வேறு வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் விமானம் ஏறியபின் நீங்கள் செய்தது என்னவென்று தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

கடவுச்சீட்டுப் பிரதி, கல்விச் சான்றுகளோடு பொலிஸ் சான்றும் இணையுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள். கனடாவில் ஆர்.சி.எம்.பி. (மத்திய பொலிஸ்) கைரேகைச் சான்று எடுக்கலாம். இதை வாசிக்கும் லண்டன்காரருக்கு அக்ரோ என்ற பிரித்தானியக் குற்றப் பதிவு அலுவலகம் தரும் சர்வதேச சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது, அது இந்தத் தேவைக்கென்றே உள்ளது.

விசா: இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் இந்தத் தலையிடி இல்லை. இல்லையென்றால், இணையத்தில் எடுக்கும் 30 நாள் சுற்றுலா விசா வேலைக்கானதல்ல. "சம்பளம் வாங்கவில்லையே" என்பதை நம்பி இறங்காமல், வலயத்தின் கடிதத்தோடு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் எந்த வகை விசா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

வெண்கட்டி:

தம்பியோ தங்கச்சியோ தெரியேல்லை, முதல்ல அந்தப் பெட்டியளைத் திறந்து பாருங்கோ. பனிமனிதன், பூசணிக்காய்க்குள்ள விளக்கு, பக்கத்துக்கு எட்டு வரி, இதெல்லாம் அங்கேயே நிக்கட்டும். பக்கத்துக்கு ஒரு வசனம், படத்தைப் பாத்தால் அரைவாசி விளங்கவேணும், அப்பிடியானது காணும். இருபது புத்தகத்தில ஒவ்வொண்டு கொண்டு வாறதை விட ஒரே புத்தகத்தில பத்துப் பிரதி பிரயோசனம். எல்லாரும் ஒரே பக்கத்தில விரலை வைச்சு வாசிக்கலாம்.

முதல் கிழமை படிப்பிக்க அவசரப்படாதேங்கோ, அளந்து பாருங்கோ. இஞ்ச முதல் இரண்டு தரத்திலயும் ஆங்கிலம் வாய்மொழியாத்தான், பாடமாத் தொடங்கிறது மூண்டாம் தரத்தில. ஒரு பிள்ளைக்கு மூண்டு நிமிசம்: 26 எழுத்தையும் கலைச்சுக் காட்டி அதின்ர சத்தத்தைக் கேளுங்கோ, பிறகு மூண்டெழுத்துச் சொல்லு பத்து, பிறகு மூண்டாம் தரப் புத்தகத்தில ஒரு வரி. முப்பது பிள்ளையளுக்கு ஒண்டரை மணித்தியாலம். எட்டாம் தரத்தில படிக்கிற பிள்ளையும் எழுத்துச் சத்தத்தில நிக்கும். தரத்தைப் பாக்காமல் இந்த அளவை வைச்சு மூண்டு கூட்டமாப் பிரியுங்கோ.

ஒரு ஏமாத்து இருக்கு. பாடப்புத்தகத்தைக் குடுத்தால் வகுப்பு முழுக்க ஒரே குரலில கடகடவெண்டு வாசிக்கும், உங்களுக்குப் புல்லரிக்கும். பக்கத்தை மனப்பாடம் பண்ணி வைச்சிருக்கினம். வரியின்ர நடுவில ஒரு சொல்லில விரலை வைச்சு "இது என்ன?" எண்டு கேளுங்கோ, வெளிச்சுப்போகும்.

காரணம், எழுத்தின்ர பேரைத் தெரியும், சத்தத்தைத் தெரியாது. சீ, ஏ, ரீ எண்டு மூண்டு பேரைச் சேர்த்தால் பூனை வராது. எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) எண்ட ஆறு எழுத்தின்ர சத்தத்தோட தொடங்குங்கோ. அந்த ஆறில இருபதுக்கு மேல சின்னச் சொல்லு கட்டலாம், இரண்டாம் நாளே பிள்ளை தானா ஒரு சொல்லை வாசிச்சிடும். அகரவரிசையில போனால் எஸ் வரேக்க நீங்கள் கனடாவில நிப்பியள்.

கொப்பியில ஆங்கிலச் சொல்லுக்கு மேல தமிழில உச்சரிப்பு எழுதிற பழக்கத்தையும் மெல்ல நிப்பாட்டுங்கோ. தமிழில 'ப' ஒண்டு, 'க' ஒண்டு. பண்டிக்கும் பிக், பெரிசுக்கும் பிக், பொறுக்கிறதுக்கும் பிக். வித்தியாசத்தைக் காட்ட ஒரு கடதாசித் துண்டை வாய்க்கு முன்னால பிடியுங்கோ: சொல்லின்ர முதலெழுத்து பீ எண்டால் கடதாசி துள்ளும், பி எண்ட மற்ற எழுத்து, அதுதான் ஆங்கில அகரவரிசையில இரண்டாவது எழுத்து, எண்டால் துள்ளாது. (பாருங்கோ, தமிழில எழுதி எனக்கே விளங்கப்படுத்த ஏலாமல் கிடக்கு. பிள்ளைக்கும் இதே பிரச்சினைதான்.)

பிழையளையும் காரணத்தோட பாருங்கோ. "அவர் ரீச்சர்" எண்ட தமிழ் வசனத்தில வினைச்சொல்லு இல்லை, அதாலதான் "ஹீ ரீச்சர்" எண்டு எழுதினம். கவனக்குறைவு இல்லை. "சாப்பிடேல்லையோ?" எண்டு கேட்டால் சாப்பிடாத பிள்ளை தமிழில "ஓம்" எண்டும், ஆங்கிலத்தில அது "நோ". "விளங்கினதோ?" எண்டு மட்டும் கேக்காதேங்கோ, "யெஸ் சேர்" தவிர வேற மறுமொழி இந்த மண்ணில கிடையாது. செய்து காட்டச் சொல்லுங்கோ.

குறிகட்டுவான்_காற்று:

மே, யூன் நல்லது என்று மேலே எழுதியவர் கடலை மறந்துவிட்டார். அது தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்துறை என்றால் பஸ்ஸிலேயே போகலாம். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரமளவு, காற்று ஏறினால் ஓட்டம் நிற்கும். தினமும் போய்வரும் திட்டம் அங்கே சரிவராது. திங்கள் போய் வெள்ளி திரும்பும்படி தங்குமிடத்தை அதிபரிடம் முன்னரே பேசுங்கள். பல கிணறுகள் உவர், குடிதண்ணீர் எங்கிருந்து என்றும் கேட்டு வையுங்கள். அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்துறைத் துறையிலிருந்து படகு.

கனடாவிலிருந்து லமினேற்றர் தூக்கி வராதீர்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230. செருகினால் புகைதான். எழுத்து அட்டைகளை யாழ்ப்பாணம் ரவுணில் அச்சடித்து லமினேற் பண்ணிக்கொண்டு படகேறுங்கள், பண்ணாத அட்டை உப்புக்காற்றில் சுருளும். பயிற்சித் தாள்களை ஏ4 அளவில் தயாரியுங்கள். உங்கள் ஊர் லெற்றர் தாள் 6 மி.மீ. அகலம் கூட, இங்கே பிரதி எடுக்கும்போது ஓரம் வெட்டுப்படும்.

உடுப்பு: ஆசிரியைகள் சேலையில் வருவார்கள். பெண் என்றால் சுரிதார் போதுமா என்று அதிபரிடம் கேளுங்கள், ஆண் என்றால் நீளக் காற்சட்டை, சேர்ட். பிள்ளைகளின் படத்தை முகநூலில் போடாதீர்கள். ஒரு பிள்ளையைத் தனியே பூட்டிய அறையில் வைத்துப் படிப்பிக்கவும் வேண்டாம், மரத்துக்குக் கீழே எல்லோரும் காண இருங்கள்.

ரொறன்ரோ_வடலி:

மிக்க நன்றி. பயணத்தை மே நடுப்பகுதிக்கு மாற்றப் பார்க்கிறேன், பஸ் போகும் இடமாகவே தேடுகிறேன். அதிபர் ஒருவர் 11ஆம் தரத்தைத்தான் எடுக்கச் சொல்கிறார், சாதாரண தரப் பரீட்சைக்கு. எடுக்கலாமா?

கோட்டடி_வாசி:

என் கருத்து, வேண்டாம். பெறுபேற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பாட ஆசிரியர், இடையில் முறையை மாற்றிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள்.

வெண்கட்டி:

நான் அப்பிடி முழுசா மறுக்கமாட்டன். 35 புள்ளி எடுத்தால் எஸ், அதாவது ஆகக் குறைஞ்ச சித்தி. ஆசிரியை வகுப்பைக் கொண்டுபோகட்டும். நீங்கள் பள்ளி விட்டபிறகு அரை மணித்தியாலம், 35க்குக் கீழ நிக்கிற பிள்ளையளை மட்டும் எடுங்கோ. பழைய வினாத்தாளில பொருத்திறது, தந்த சொல்லால நிரப்பிறது, படத்தைப் பாத்து வசனம் எழுதிறது, இவ்வளவும் காணும். கட்டுரைப் பக்கம் போகாதேங்கோ. வாசிக்கத் தெரியாத பிள்ளை அதுக்குள்ள இருந்தால் வினாத்தாளை மூடிவைச்சிட்டு அந்த ஆறு எழுத்துக்கே வாங்கோ.

ரொறன்ரோ_வடலி:

ஏ4 தாளைப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, மார்க்கரால் எழுதி அழிக்கும் பலகையாகப் பாவிக்கலாமா? மார்க்கர் எத்தனை கொண்டுவர?

குறிகட்டுவான்_காற்று:

பாவிக்கலாம். உறைக்குள் ஒரு மட்டையும் வையுங்கள், இல்லாவிட்டால் வளையும். மார்க்கர் இரண்டு பிள்ளைக்கு ஒன்று, கறுப்பு மட்டும். மூடியைத் திறந்து வைத்தால் இந்த வெக்கைக்கு ஒரு பாடவேளையில் காயத் தொடங்கும், எழுதி முடிந்ததும் எண்ணி வாங்குங்கள். அழிக்கப் பழைய சாரத்துண்டு போதும்.