முன் கண்ணாடி மாற்றியாச்சு, கேமராவுக்குத் தனியாகக் கேலிபரேஷன் தேவையா?

தெப்பக்குளத்தான்:
போன வாரம் மேலூரிலிருந்து வரும்போது முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து முன் கண்ணாடி கீறிவிட்டது. என் காரில் அடாஸ் உண்டு, அதாவது முன்னால் இருப்பதைப் பார்த்து எச்சரித்து, தேவைப்பட்டால் தானே பிரேக் போடும் வசதி. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, பம்பருக்குப் பின்னால் ரேடார். கம்பெனி சர்வீஸில் கண்ணாடி 21,000, கேமரா கேலிபரேஷன் (கேமராவின் பார்வை நேராக இருக்கிறதா என்று அளந்து சரி செய்வது) 7,500 என்று எஸ்டிமேட் போட்டார்கள். வெளியே ஒரு கண்ணாடிக் கடையில் 11,000-க்கு முடித்துவிட்டேன். “அதே கேமராவைத்தானே திரும்ப மாட்டுறோம், கேலிபரேஷன் எல்லாம் வேண்டாம்” என்றார் கடைக்காரர். மீட்டரில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. அந்த 7,500-ஐச் செலவழிக்கணுமா, விட்டுவிடலாமா?

காளவாசல் சிக்னல்:
விட்டுவிடுங்கள். சுவரில் மாட்டிய டிவியைக் கழற்றி அதே ஆணியில் மாட்டினால் படம் கோணலாகவா தெரியும்? நேற்று வரை இன்ஜின் ஃபிளஷ், ஏசி கிளீனிங் என்று விற்றவர்கள் இன்று இதை விற்கிறார்கள். என் காரிலும் போன வருஷம் கண்ணாடி மாற்றினேன். அதற்கப்புறம் தூத்துக்குடி, சேலம் என்று ஊரெல்லாம் சுற்றியாச்சு. ஒன்றும் ஆகவில்லை.

கப்பலூர் பட்டறை:
அண்ணே, அது அதே ஆணி இல்லை. கேமரா உட்காரும் பிராக்கெட் பெரும்பாலான கார்களில் கண்ணாடியோடு ஒட்டியே வருகிறது. கண்ணாடி புதுசு என்றால் பிராக்கெட்டும் புதுசு. ஒட்டும் பசை ஒரு பக்கம் கொஞ்சம் தடிமனாக விழுந்தாலும் கேமராவின் பார்வை திரும்பிவிடும். டிவியை நீங்கள் ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறீர்கள். கேமரா பார்ப்பது நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம். ஒரே ஒரு டிகிரி திரும்பினால் நூறு மீட்டரில் 1.75 மீட்டர் தள்ளிப் போகும். நம்ம நாலு வழிச் சாலையில் ஒரு லேன் அகலமே 3.5 மீட்டர்தான். அரை லேன்! பக்கத்து லேனில் போகிற லாரி உங்கள் முன்னால் போவதாக அது நினைக்கலாம், உங்கள் முன்னால் நிற்கிற லாரியைப் பக்கத்து லேனில் என்றும் நினைக்கலாம்.

விளக்கு எரியவில்லை என்பதை நம்பாதீர்கள். கேமராவையே மாற்றினால் கார் கண்டுபிடித்துவிடும். கண்ணாடியை மட்டும் மாற்றினால் பல கார்களுக்கு அது நடந்ததே தெரியாது.

காளவாசல் சிக்னல்:
தம்பி, கணக்கு சரி. ஒரு டிகிரி திரும்பியது என்று யார் அளந்தது? இப்போது வரும் கேமராக்கள் ஓட ஓட ரோட்டுக் கோடுகளைப் பார்த்துத் தானே சரி செய்துகொள்ளும். சில கார்களில் கேலிபரேஷன் என்பதே ரோட்டில் ஓட்டுவதுதான். அதற்கு எதற்கு 7,500?

கப்பலூர் பட்டறை:
பாதி சரி. தானே திருத்திக்கொள்வது சின்ன விலகலுக்கு மட்டும், அதற்கும் ஒரு எல்லை உண்டு. ரோட்டில் ஓட்டிச் செய்யும் முறையிலும் காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரை மாட்டி அந்த மோடுக்குக் கொண்டுபோன பிறகுதான் ஓட்டணும். கோடு தெளிவாகத் தெரிகிற ரோடு, கம்பெனி சொல்லும் வேகம், மழை இல்லாத நேரம், இது மூன்றும் அமையணும். ஊருக்குள் எங்கே அமையும்? நாங்கள் காலை ஆறு மணிக்கு விருதுநகர் ரோட்டுக்குப் போய்விடுவோம். வேறு சில கார்களுக்கு முன்னால், கேமரா பார்த்து அளவெடுக்கும் டார்கெட் பலகை வைத்துத்தான் செய்ய முடியும். இரண்டும் கேட்கிற கார்களும் இருக்கின்றன.

ஆனையூர் அக்கா:
எனக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. மதுரை விளக்குத்தூண் கடைத்தெருப் பக்கம் அடாஸை நம்பி யார் ஓட்டுகிறார்கள்? ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தால் கத்துகிறது, மாடு நின்றால் கத்துகிறது. ஒரு தடவை அதுவாகப் பிரேக் அடித்து, பின்னால் வந்த பைக் என் டிக்கியில் வந்து முட்டியது. அன்றிலிருந்து ஆஃப்தான். ஆஃப் செய்ததற்கு ஏன் கேலிபரேஷன்?

கப்பலூர் பட்டறை:
அக்கா, நீங்கள் ஆஃப் செய்தது ஆஃபிலேயே இருக்கிறதா என்று நாளைக் காலை வண்டியை எடுத்ததும் பாருங்கள். பல கார்களில் தானாகப் பிரேக் போடும் வசதி மட்டும் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் மறுபடி ஆன் ஆகிவிடும்.

ஆனையூர் அக்கா:
பார்த்தேன். ஆனில்தான் இருக்கிறது. இத்தனை நாளும் ஆஃப் என்று நினைத்து ஓட்டியிருக்கிறேன். கடவுளே.

தெப்பக்குளத்தான்:
இதைப் படித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கண்ணாடி மாற்றியதிலிருந்து நாலு வழிச் சாலையில் லேன் அசிஸ்ட் (லேனை விட்டு விலகாமல் ஸ்டீயரிங்கைத் தானே திருப்பும் வசதி) போட்டால், நடுவில்தான் போகிறேன், ஆனாலும் ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் தள்ளுகிறது. ரோட்டில் கோடு அழிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கப்பலூர் பட்டறை:
லேன் அசிஸ்டை இன்றே ஆஃப் செய்துவிடுங்கள். கேமராவுக்கு முன்னால் வீல் அலைன்மென்ட் பாருங்கள். பின் சக்கரங்கள் கோணலாக இருந்தால் வண்டி ஓடும் திசையும் பாடி பார்க்கும் திசையும் வேறு வேறாக இருக்கும். அதன் மேல் கேமராவை அளவு செய்தால் கோணலை அப்படியே எழுதி வைத்த கதைதான்.

காளவாசல் சிக்னல்:
சரி, தேவை என்றே வைத்துக்கொள்வோம். கோபம் எனக்கு வேறு இடத்தில். என் மச்சான் காரில் முன் பம்பரில் அடி. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் முடித்து “ரேடார் கேலிபரேஷன்” என்று 6,000 பில் போட்டார்கள். வண்டி ஷெட்டை விட்டு நகரவே இல்லை, எந்தப் பலகையும் வைக்கவில்லை. நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். ரிப்போர்ட் கேட்டால் “சிஸ்டத்தில் இருக்கு சார்” என்றார்கள். இதற்குத்தான் காசு கொடுக்கச் சொல்கிறீர்களா?

கப்பலூர் பட்டறை:
இல்லை அண்ணே. அது திருட்டு, மறுக்கவில்லை. அதைவிட மோசம், ரேடாருக்கு முன்னால் பட்டி பார்த்தது. ரேடார் அனுப்புவது 77 கிகாஹெர்ட்ஸ் அலை. பிளாஸ்டிக்கைத் தாண்டிப் போகும். தடிமனான பட்டியிலும் அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் பெயிண்ட் பூச்சு மேல் பூச்சிலும் மங்கிப் போகும். அந்த இடத்தில் உடைந்தால் பம்பரையே மாற்றுவதுதான் முறை. (ஆயுத பூஜைக்கு ரேடார் மூடி மேல் சந்தனத்தை அப்பிவிட்டு “சென்சார் போச்சு” என்று வருகிறவர்கள் தனி. ஈரத்துணியால் துடைத்து அனுப்பிவிடுவேன், காசு வாங்குவதில்லை.)

வேலை நடக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். டயரில் காற்று சரி பார்ப்பார்கள், டிக்கியைக் காலி செய்யச் சொல்வார்கள். தரை மட்டமாக இருக்கணும். தண்ணீர் வடிய வாட்டம் விட்ட ஷெட்டில் பலகை வைத்தால் அந்த வாட்டமும் கணக்கில் ஏறும். வண்டியின் நடுக்கோட்டைப் பிடித்து லேசரில் தூரம் அளப்பார்கள். பலகை மேல் வெயில் விழக்கூடாது. முடிவில் ஸ்கேனரில் தேதியோடு, வண்டி நம்பரோடு ரிப்போர்ட் வரும். அது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

காளவாசல் சிக்னல்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் சண்டை போடப் போகிறேன். ஆனாலும் 7,500 அதிகம்.

ஆனையூர் அக்கா:
இன்சூரன்ஸில் போட்டிருக்கலாமே? கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். 1,500 சிசி வரை 1,000 ரூபாய் மட்டும் நம்ம கை.

கப்பலூர் பட்டறை:
ஆமாம் அக்கா, ஆனால் கிளெய்ம் வாங்காமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ் போகும். அதையும் கூட்டிப் பார்க்கணும். கேலிபரேஷனை முதல் எஸ்டிமேட்டிலேயே தனி வரியாக எழுதச் சொல்லணும். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்துவிட்டுப் போன பிறகு சேர்த்தால் இழுத்தடிப்பார்கள்.

தெப்பக்குளத்தான்:
நான் கைக்காசு கொடுத்து மாட்டியாச்சு, இனி கிளெய்ம் கிடையாது. இன்று அலைன்மென்ட் பார்த்தேன், அது சரியாகவே இருக்கிறது. அப்போ கேமராதான். நாளைக் காலை கம்பெனி சர்வீஸுக்கே போகிறேன். பலகை வைக்கும்போது பக்கத்தில் நிற்க விடுவார்களா என்று போனில் கேட்டேன். “கஸ்டமர் லவுஞ்சில் டீ இருக்கு சார்” என்றார்கள்.

காளவாசல் சிக்னல்:
டீயைக் கையில் வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போங்கள்.