எராஸ்மஸ் என்னை ஆட அழைக்கவில்லை: குவெஸ்ட் ஃபார் குளோரி முதல் பாகத்தில் உதவி தேவை

கேள்வி:
வணக்கம். குவெஸ்ட் ஃபார் குளோரி என்னும் கணினி விளையாட்டின் முதல் பாகத்தை, 1992-இல் வெளிவந்த மறுபதிப்பில், மந்திரவாதிப் பாத்திரத்தைத் தேர்ந்து, பழைய விளையாட்டுகளை இன்றைய கணினிகளில் இயக்கும் ஸ்கம்விஎம் என்னும் மென்பொருள் வழியாக ஆடி வருகிறேன். ஸ்பீல்பர்க் பள்ளத்தாக்கின் மலைமேல் இருக்கும் மூத்த மந்திரவாதி எராஸ்மஸின் வீட்டு வாயிலில் கற்பூதம் கேட்ட கேள்விகளுக்கு விடையளித்து உள்ளே சென்றுவிட்டேன். அவரும் அவருடைய எலி ஃபென்ரஸும் சிலேடை மேல் சிலேடையாகப் பேசுகிறார்களே தவிர, இருவர் தத்தம் சிற்றுயிருக்கு மந்திரங்களால் வழியமைத்துப் போட்டியிடும் ‘மேஜஸ் மேஸ்’ என்னும் ஆட்டத்தை ஆட என்னை அழைக்கவே இல்லை. சேமித்த இடத்திலிருந்து மூன்று முறை திரும்பச் சென்று பார்த்தும் பயனில்லை. கோப்பு பழுதாகிவிட்டதா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கவலையாக இருக்கிறது.

மறுமொழி 1:
கோப்பு பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்களிடம் எந்தெந்த மந்திரங்கள் உள்ளன என்று கூற முடியுமா?

கேட்டவர்:
தொடக்கத்திலேயே இருந்த ஸாப். ஸாராவின் கடையில் வாங்கிய ஓப்பன், ஃபெட்ச், ஃபிளேம் டார்ட். எரானாவின் தோட்டத்தில் கிடைத்த காம். இவ்வளவுதான்.

மறுமொழி 2:
காரணம் தெரிந்துவிட்டது. அந்த ஆட்டத்துக்கு ஓப்பன், ஃபெட்ச், ஃபிளேம் டார்ட், டிரிக்கர் ஆகிய நான்கும் வேண்டும். உங்களிடம் டிரிக்கர் இல்லை. அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அருவிக்கு அருகே பாறையின்மேல் வாழும் ஹென்றி என்னும் துறவிதான் அதைத் தருவார். அவருடைய கதவைத் தட்டியதும் உடனே ஒதுங்கி நில்லுங்கள், ஏனெனில் கதவு வெளிப்புறமாகத் திறந்து உங்களைக் கீழே தள்ளிவிடும். எராஸ்மஸ் கோமாளியைப் போலத் தோன்றினாலும், மாணவன் ஊர் முழுவதும் அலைந்து கற்றுக்கொண்டு வந்த பிறகே அவனைத் தம்முடன் ஆட அனுமதிக்கிறார் என்பதுதான் அவரை எனக்கு இவ்வளவு பிடித்த ஆசானாக ஆக்குகிறது.

ஆட்டத்தில் உங்கள் சிற்றுயிரை நேரடியாக நகர்த்த இயலாது. மந்திரங்களால் அதன் வழியைச் சீராக்க மட்டுமே முடியும். ஆகவே எராஸ்மஸின் உயிரைத் துரத்தாமல், உங்களுடையதற்கு அடுத்து வரும் தடையை முன்கூட்டியே கவனியுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஹென்றியிடம் டிரிக்கர் பெற்றுத் திரும்பியவுடன் எராஸ்மஸ் அழைத்தார். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை வென்று டாஸில் மந்திரத்தைப் பெற்றேன். அடுத்த பாகத்திலும் அவரைச் சந்திக்க முடியுமா?

மறுமொழி 2:
முடியும். 1990-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், ஷாபேர் நகரிலுள்ள மந்திரவாதிகளின் கழகத்தில் அவர் இருக்கிறார். முதல் பாகத்தை முடிக்கும்போது பாத்திரத்தைத் தனிக் கோப்பில் சேமிக்க மறவாதீர்கள். அப்போதுதான் நீங்கள் உழைத்து வளர்த்த திறன்கள் உடன் வரும். கழகத்தின் தேர்வில் வென்றதும் உங்களை உறுப்பினராகச் சேர அழைப்பார்கள். அந்த அழைப்பை ஏற்றால் கதை அங்கேயே முடிந்துவிடும் என்பதால், பணிவுடன் மறுத்துவிடுங்கள்.