நிகராகுவா மதுரோ சுருட்டு பாதிக்கு மேல் கசப்பது ஏன்?

கேள்வி:
மதுரோ, அதாவது கறுத்த மேலிலைச் சுருட்டு. 5 அங்குல நீளம், 50 ரிங் தடிமன் (ஒரு ரிங் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு), ரொபஸ்டோ எனும் அளவு. முதல் பாதியில் கொக்கோ, கறுப்புக் காப்பி, மிளகுக் காரம் எல்லாம் வருகிறது. பிறகு தார் போலக் கசப்பு. மேலிலை அப்படியே நிற்க, உள்ளே மட்டும் சுரங்கம் போல எரிகிறது. சுருட்டு வைக்கும் பெட்டியில் ஈரப்பதம் 72%. கோளாறு சுருட்டிலா, பிடிக்கும் முறையிலா?

பதில் 1:
சுரங்கத்துக்கு முதல் சந்தேகம் அந்த 72 மேல்தான். மதுரோ மேலிலை தடிப்பானது, எண்ணெய்ப் பசை உள்ளது, கூடுதல் சூட்டில் நீண்ட நாள் நொதித்தது. அந்த ஈரத்தோடு சீக்கிரம் பற்றாது, உள்ளிலை முந்திக்கொள்ளும். 65 சதவீதத்தில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பற்றவைக்கும்போது தீயின் நுனி இலையைத் தொடாமல், சுருட்டைச் சுழற்றியபடி விளிம்பு முழுக்கச் சிவக்கும்வரை வாட்டுங்கள். பியூட்டேன் லைட்டர் போதும். பெட்ரோல் லைட்டர் என்றால் அந்த நெடி கடைசிவரை போகாது.

பதில் 2:
ஈரம் சரி, ஆனால் கசப்புக்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அடுத்தடுத்து இழுத்தால் சூடு ஏறி இனிப்பு கருகிவிடும். தலைப்பக்கம் 2 மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள், தலையை மூடி ஒட்டிய இலைத்துண்டான தொப்பி பிரிந்துவிடும். அதற்காக ஊசித்துளை போட்டாலும் வம்பு: பலமாக இழுக்க வேண்டிவரும், மறுபடி சூடு. கசக்கத் தொடங்கியதும் இழுக்காமல் ஒருமுறை மெல்ல வெளியே ஊதுங்கள். தேங்கிய புகை வெளியேறும்.

பதில் 3:
கறுப்பு என்றாலே கடுப்பு என்று எண்ண வேண்டாம். நிறம் நொதிப்பால் வருவது. கடுமை லிஹெரோவால்: செடியின் உச்சி இலை, மெதுவாக எரியும், அதனால்தான் நடுவில் வைத்துச் சுருட்டுகிறார்கள். அது ஒரு பக்கம் ஒதுங்கினால் எரிவதும் கோணும். நிகராகுவாவிலேயே விளையும் இடம் பொறுத்தும் மாறும்: எஸ்தெலி வட்டார இலையில் காரமும் கனமும். ஹலாபா வட்டார இலை மென்மை, இனிப்பு. 'நிகராகுவா' என்று விற்பதிலும் மேலிலை மெக்சிகோவின் சான் ஆண்ட்ரேஸ் வட்டாரத்து இலையாக இருக்கலாம், விவரம் பார்த்து வாங்குங்கள்.

வெறும் வயிற்றில் வேண்டாம், நெஞ்சுக்குள்ளும் இழுக்காதீர்கள். சுருட்டுப் புகையின் நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாகவே ஏறும். தலை சுற்றினால் வைத்துவிட்டு இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள்.

கேட்டவர்:
பாதியில் அணைந்ததை மறுநாள் பற்றவைக்கலாமா?

பதில் 2:
ஒரு மணி நேரத்துக்குள் என்றால் சாம்பலைத் தட்டி, ஊதிவிட்டுப் பற்றவையுங்கள். மறுநாள் என்றால் குப்பைக்கு.