கனரஸ்கா ஸ்டீல்ஹெட்டுக்கு லீடர் 6 பவுண்டா, 10 பவுண்டா?

ஸ்கார்பரோ_தம்பி:
அண்ணைமாரே, வரும் சனிக்கிழமை ஒன்டாரியோவில் போர்ட் ஹோப்புக்கு, கனரஸ்கா ஆற்றுக்கு ஸ்டீல்ஹெட் (ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறும் ரெயின்போ ட்ரவுட்) பிடிக்கப் போகிறேன். 13 அடித் தடி, கையால் அழுத்தி நிறுத்துகிற சென்டர்பின் ரீல், அதில் 10 பவுண்டு தாங்கும் மெயின் லைன், மிதவைக்குக் கீழே மீன் முட்டைப் பொதி. மீன் பெரிது, லீடரும் (முள்ளைக் கட்டும் கடைசித் துண்டு நூல்) 10 பவுண்டே வாங்கு என்றார்கள் கடையில். கூட வருகிற நண்பனோ 6 பவுண்டுக்கு மேல் போட்டால் ஒன்றும் கடிக்காது என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

மிதவைக்காரன்:
நண்பன் பேச்சைக் கேளுங்கள். கனரஸ்கா, ஓக் ரிட்ஜஸ் மேட்டு நிலத்து ஊற்றுகளில் பிறக்கிற ஆறு. மழை பெய்து கலங்கினாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். ஊருக்குள் ஓடும் பகுதியில் அடித்தளம் தட்டையான பாறை, பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லை. மீனுக்கு ஒளிய இடம் குறைவு, அதனால் எதைக் கண்டாலும் சந்தேகம். முழங்கால் தண்ணீரில் நின்று கீழே பாருங்கள். பூட்ஸ் நுனி தெளிவாகத் தெரிந்தால் 6 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நூல், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் பச்சையாக, நுனி மங்கலாக இருந்தால் 8. பூட்ஸே தெரியாத கலங்கலில் மட்டும் 10.

ஒளி முறியும் அளவு தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு ஏறக்குறைய 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீரின் எண்ணுக்கு நெருங்க நெருங்க நூல் கண்ணில் படுவது குறையும். அதனால்தான் லீடருக்கு மட்டும் ஃப்ளூரோகார்பனின் விலையைக் கொடுக்கிறோம்.

பருத்தித்துறையான்:
தம்பி மிதவை, கண்ணுக்கே தெரியாத நூல் என்று பெட்டியில் எழுதலாம். 1.42க்கும் 1.33க்கும் இடையில் இடைவெளி இருக்கிறதே. மீனுக்குத் தெரியும். தெரிந்தும் கடிக்கிறது. அந்த நூலுக்கு மேலே வரிசையாக ஈயக் குண்டு, நூல் முறுக்காமல் சுழலும் ஒரு ஸ்விவல், அதற்கும் மேலே மிதவை. இவ்வளவையும் பொறுக்கிற மீன், லீடர் 0.03 மில்லிமீட்டர் தடித்துவிட்டது என்று ஓடுமா? 6 பவுண்டுக்கும் 8 பவுண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான், அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் பவுண்டைப் பார்க்காதீர்கள், விட்டத்தைப் பாருங்கள். ஒரு கம்பெனியின் 8 இன்னொன்றின் 6ஐ விட மெல்லியதாக இருக்கிறது.

எனக்கு மீன்தான் முக்கியம். மெல்லிய நூல் போட்டவர் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் இழுக்கவே மாட்டார். மீன் ஆற்றின் மேலும் கீழும் ஓடி, பக்கவாட்டில் சரிந்த பிறகுதான் கரைக்கு வருகிறது. பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படி இல்லை, ஏரிக்குத் திரும்பி அடுத்த வருடமும் வரக்கூடியது. அதைக் களைக்க வைத்து விடுவது விட்டதாகுமா? 1992இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் இருவரும் ரெயின்போ ட்ரவுட்டை வைத்துச் செய்த ஆய்வைத் தேடிப் படியுங்கள். களைக்கும் வரை விரட்டிய மீன்களில் 12 சதவீதம் செத்தன. ஸ்டீல்ஹெட்டும் அதே இனம்தான்.

மிதவைக்காரன்:
அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன் அண்ணை. நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். களைத்த பிறகு 30 விநாடி தண்ணீருக்கு வெளியே வைத்தவற்றில் 38 சதவீதம் செத்தன, 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதம். தொட்டியில், ஆய்வகத்தில் நடந்தது என்பதால் ஆற்றுக்கு அதே எண்ணை நான் எடுத்து வைக்க மாட்டேன். ஆனால் எது கூடுதலாகக் கொல்கிறது என்பது தெளிவு. இரு கையாலும் தூக்கிப் பிடித்து, போன் வரும்வரை காத்து நிற்பதுதான். லீடர் மேல் பழி போடாதீர்கள்.

அடுத்தது, 10 பவுண்டு போட்டால் சீக்கிரம் இழுக்கலாம் என்பது. நூல் நுனியை ஒரு சுருள் தராசில் கட்டி, தடியை அடிவரை வளைத்துப் பாருங்கள். நீளமான மிதவைத் தடிகள் மென்மையானவை. என் தடி முழுதாக வளைந்தபோதும் தராசு 3 பவுண்டைத் தாண்டவில்லை. இழுப்பின் எல்லை தடியில் இருக்கிறது. மிச்சம் 7 பவுண்டு உங்கள் சண்டையைக் குறைக்காது.

ஸ்கார்பரோ_தம்பி:
அப்படியென்றால் 6 பவுண்டு நூல் அறுவதே இல்லையா? போன முறை நண்பனுக்கு அறுந்ததை நேரில் பார்த்தேன்.

பருத்தித்துறையான்:
கேட்டாய் பார், அதுதான் சரியான கேள்வி. தராசில் கட்டியது புது நூல். ஆற்றில் இருப்பது புது நூல் இல்லை. கனரஸ்காவின் பாறை விளிம்பில் லீடரின் கடைசி ஒரு அடி ஒவ்வொரு மிதப்பிலும் உரசுகிறது. மீன் கொளுவினால் அதன் பல்லிலும் உரசும். முள்ளுக்கு மேலே இருக்கிற நூலைப் பெருவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெதுவாக இழு. வழவழவென்று வந்தால் சரி. எங்காவது சொரசொரப்பாகத் தட்டினால் அந்த இடத்தில் பெட்டியில் போட்ட பவுண்டு கிடையாது. அதே கீறல் 6 பவுண்டு நூலில் விழுந்தால் தாங்குவதற்கு மிச்சம் இல்லை, 8இல் இருக்கிறது. அப்புறம் முடிச்சு. நன்றாகப் போட்ட முடிச்சே கொஞ்சம் பலத்தைத் தின்னும். எச்சில் தொடாமல் காய்ந்த நூலில் இறுக்கிய முடிச்சு, அதுவும் ஃப்ளூரோகார்பனில், சூடேறிக் கெட்டுவிடும். காற்றில் நடு நூலில் தானாக விழும் சிறு முடிச்சு ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும்.

தம்பி மிதவை தராசில் அளந்தது மெதுவான இழுப்பு. கரையருகே, நூல் குட்டையாக இருக்கும்போது, வலையைக் கண்டதும் மீன் தலையை உதறும் பார், அது இழுப்பு இல்லை, வெட்டு. அப்போது ரீலில் கை அழுத்தமாக இருந்தால் தடி வளைய நேரமே இல்லை. பெரும்பாலான நூல் அறுவது அந்த ஆறடிக்குள்தான்.

வெடர்க்கரை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சில்லிவாக் பக்கம். இங்கே வெடர் ஆற்றில் குளிர்கால ஸ்டீல்ஹெட்டுக்கு 6 பவுண்டு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். 10, 12தான் சாதாரணம். தண்ணீர் கனம், பாதி நாள் பச்சை நிறம், உருண்டைப் பாறை, விழுந்த மரம். மீன் ஒருமுறை வேகத் தண்ணீருக்குள் திரும்பிவிட்டால் பின்னால் ஓடவும் முடியாது. பண்ணையில் வளர்த்து, அடையாளத்துக்குக் கொழுப்புத் துடுப்பு (முதுகில் வாலருகே இருக்கும் சிறு துடுப்பு) வெட்டிய மீனை மட்டும்தான் கொண்டு போகலாம், காட்டு மீனை விட்டே ஆக வேண்டும். ஆற்றில் பின்முள் இல்லாத ஒற்றை முள்தான் சட்டம். தாம்சன் ஆற்று ஸ்டீல்ஹெட் அழியும் நிலைக்கு வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு மீன் வாயில் முள்ளோடும் ஓரடி நூலோடும் போனால் அன்றிரவு தூக்கம் வருவதில்லை. தை, மாசியில் ஆறு வற்றிக் கண்ணாடியாக ஓடும்போது நாங்களும் 8க்கு இறங்குவோம். அதற்குக் கீழே போவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் மீன்களும் எங்கள் கரையின் சொந்தக்காரர்கள்தான். பசிபிக் பக்கத்து ரெயின்போ ட்ரவுட்டை 1870களில் பெரும் ஏரிகளின் ஆறுகளுக்குக் கொண்டு போனார்கள். பலத்தில் குறைவென்று நினைக்க வேண்டாம்.

மிதவைக்காரன்:
பலத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. வெடரின் கணக்கு வெடருக்குச் சரி. கனரஸ்காவை மெல்லிய பூட்ஸ் நனைய நடந்து கடக்கலாம். மீன் ஓடினால் கரையில் கூடவே நடக்கலாம்.

தெரிகிறதா தெரியவில்லையா என்பதைக்கூட விட்டுவிடுகிறேன். மெல்லிய நூலுக்கு இன்னொரு காரணம் உண்டு, எனக்கு அதுதான் பெரியது. ஆற்றில் மேல் தண்ணீர் வேகம், அடித் தண்ணீர் மெதுவு. மீன் அடியில் நிற்கிறது. தடித்த லீடரைத் தண்ணீர் அதிகம் பிடித்துத் தள்ளும், இரை அடியிலிருந்து மேலெழும்பி, முட்டை உருண்டு வருகிற வேகத்தை விட வேகமாக மீனைக் கடந்து போய்விடும். தெளிந்த தண்ணீரில் நாம் போடுவது 10, 12ஆம் நம்பர் சின்ன முள், சுண்டுவிரல் நகமளவு முட்டைப் பொதி. அதில் 10 பவுண்டு ஃப்ளூரோகார்பன் கட்டினால் நூலின் விறைப்பு பொதியைத் தூக்கி நிறுத்துகிறது. அது மிதப்பதில்லை, நூலில் தொங்கிக்கொண்டு போகிறது. அவ்வளவு மெல்லிய கம்பியில் செய்த முள் 10 பவுண்டு நூல் அறுவதற்கு முன்னமே நிமிர்ந்துவிடும். பிறகு அந்தப் பலம் யாருக்கு?

பருத்தித்துறையான்:
முள் நிமிரும் என்பது உண்மை. அதனால்தான் நான் 10 என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை, 8 என்கிறேன். 8ஆம் நம்பர் முள் (நம்பர் குறைந்தால் முள் பெரிது), உறுதியான கம்பி, 8 பவுண்டு. விறைப்புக்கு முள்ளைச் சின்ன வளையத்தில் தளர்வாகக் கட்டலாம். வேகத்துக்கு இன்னொரு ஈயக் குண்டைக் கீழே இறக்கலாம். வழி இருக்கிறது. அறுந்த நூலுக்கு வழி இல்லை.

ஸ்கார்பரோத் தம்பி, கடைக்காரர் சொன்ன 10 ஏன் பிழை என்பதை இரண்டு பேரும் சொல்ல மறந்துவிட்டோம். உன் மெயின் லைனும் 10. அடியில் கட்டையில் சிக்கினால் எது அறும் என்று யாருக்கும் தெரியாது. மிதவைக்கு மேலே அறுந்தால் மிதவை, ஈயக் குண்டு, அத்தனை நூலும் ஆற்றில் கிடக்கும். ஃப்ளூரோகார்பன் மக்குவதற்குப் பல காலம் ஆகும், நாரையும் வாத்தும் காலில் சுற்றிக்கொள்ளும். லீடர் எப்போதும் மெயின் லைனை விடக் குறைவாகவே இருக்க வேண்டும். அறுந்தால் முள் மட்டும் போகட்டும்.

மிதவைக்காரன்:
அதில் மறுபேச்சு இல்லை. கலங்கலுக்கு நான் சொன்ன 10உம் மெயின் லைன் அதை விடப் பலமாக இருந்தால்தான்.

ஸ்கார்பரோ_தம்பி:
அப்ப 6, 8 இரண்டு பெட்டியும் வாங்குகிறேன். விடியற்காலை எதைக் கட்டுவது?

பருத்தித்துறையான்:
விடியலில் வெளிச்சம் குறைவு, 8 கட்டு. முடிச்சை நனைத்து இறுக்கு, கையால் இழுத்துப் பார்த்துவிட்டு எறி. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், பாறையில் சிக்கி எடுத்த ஒவ்வொரு முறையும் நகத்தால் தடவிப் பார். சந்தேகம் என்றால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டு.

மிதவைக்காரன்:
வெயில் ஏறி, பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாருக்கும் கடி நின்றால் 6க்கு மாறுங்கள். விழுந்த மரம் இருக்கிற மடுவில் மாற வேண்டாம், அங்கே அண்ணை சொன்ன 8தான். திறந்த பாறைத் தட்டில் 6ஐ நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்த நூலானாலும் மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். நீளமான மூக்குக் குறடு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போங்கள்.