தாபரிப்பு (பிள்ளைகளின் பராமரிப்புச் செலவு) வழக்கில் தொகையை எப்படித் தீர்மானித்தார்கள்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

மாங்குளத்தாள்:
தங்கைக்குத் துணையாக வழக்குத் தவணைக்குப் போயிருந்தேன். "கூலி வேலைதான் ஐயா, கிடைத்தால் உண்டு" என்று நீதவானிடம் கூசாமல் சொன்னார் பிள்ளைகளின் தகப்பன். அவரிடம் உழவு இயந்திரம் இருப்பது ஊருக்கே தெரியும். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய் என்று கட்டளையானது. வெளியே விறாந்தையில் நிற்கிறோம், அவருடைய தொலைபேசி அடிக்கிறது. எதிர்முனைக் குரல் எங்களுக்கும் கேட்டது: "அண்ணை, நாலு ஏக்கர் உழ வேண்டும், நாளைக்கு மெசினோடு வருவீர்களா?" என்னைப் பார்த்துக்கொண்டே, "விடியவே வருகிறேன்" என்றார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

குளக்கட்டான்:
அக்கா, மெசின் வைத்திருப்பவன் எல்லாம் பணக்காரனா? காலபோக (மாரி கால நெல்) விதைப்பு முடிந்தால் அது கொட்டிலில்தான் கிடக்கும். சிறுபோகத்துக்கு (கோடை கால நெல்லுக்கு) இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் வருவதில்லை. கட்டளை மட்டும் மாதாமாதம். என் வழக்கில் நீதவான் என் மனைவியின் சம்பளச் சிட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். சிட்டையை நீட்டியபோது அவள் முகம் கறுத்துப் போனது. கேட்டது நியாயம்தான்.

கச்சேரியடி:
இருவரும் சண்டை பிடிக்காதீர்கள். இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் இத்தனை வீதம் என்ற கணக்கே இல்லை. தாய் தகப்பன் இருவரின் வருமானம், பிள்ளையின் நிலைமை, தேவை எல்லாவற்றையும் பார்த்து நீதவான்தான் தொகையை முடிவு செய்வார். திருமணத்தில் பிறந்த பிள்ளையா இல்லையா என்ற பேதமும் கிடையாது. அரச உத்தியோகத்தன் என்றால் சம்பளத்திலேயே கழிக்கச் சொல்லலாம். கமக்காரனிடம் எதைக் கழிப்பது? ஆகவே மாங்குளத்தாள், வாயால் சொல்லிப் பயனில்லை. ரியூசன் காசு, மருந்துச் சிட்டை, சப்பாத்து வாங்கிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் கொப்பியில் ஒட்டி வையுங்கள். கமநல சேவை நிலையத்து (கமக்காரருக்கான அரச அலுவலகம்) உரமானியப் பட்டியலில் எத்தனை ஏக்கர் என்று இருக்கும். மெசின் பதிவையும் எடுங்கள். நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ திரும்ப விண்ணப்பிக்கலாம். குளக்கட்டானுக்கும் அதே வழி உண்டு. பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் பதினெட்டோடு முடிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள்.

மாங்குளத்தாள்:
மெசின் பதிவு அவருடைய அம்மாவின் பெயரில். உரமானியப் பட்டியலிலும் அம்மாதான். அவவுக்கு எழுபது வயது, கண் பார்வை குறைவு.