தமிழில் எழுத மட்டும் ஒரு கருவி: பழைய நியோ யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன், சிறுகதை எழுதுகிறவள். வேலை முடிந்து இரவில் மடிக்கணினியைத் திறந்தால் புலனம் (வாட்ஸ்அப்) ஒரு பக்கம், முகநூல் ஒரு பக்கம் இழுக்கிறது. மூன்று மாதமாக ஒரே கதை பாதியில் நிற்பது மனசை அறுக்கிறது.

எழுத மட்டுமே உதவும் கருவி தேடுகிறேன். அப்படிப்பட்ட ஃப்ரீரைட் என்ற கருவியின் விலை எனக்கு எட்டாது. 2013-இல் உற்பத்தி நின்ற ஆல்பாஸ்மார்ட் நியோ (சிறு திரையோடு கூடிய விசைப்பலகை) பழையதாகக் கிடைத்தாலும் போதும். 3 ஏஏ பேட்டரியில் 700 மணி நேரம் வரை ஓடும். இணையமே கிடையாது.

அதில் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் யுஎஸ்பி வழி கணினியில் இணைத்தால், விசைப்பலகை போல நாம் எழுதியதை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பும். அப்படியானால் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையின் விசைகளை அதில் ஆங்கில எழுத்தாகவே தட்டிவைத்து, கணினியில் தமிழ்99-ஐப் போட்டுவிட்டு அனுப்பினால் தமிழாக விழ வேண்டுமே! எழுதியதைப் படித்துத் திருத்த முடியாது. முதல் வரைவுக்கு அதுவே நல்லது என்று நம்புகிறேன். இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒற்று, புள்ளியெல்லாம் சரியாக வந்ததா?

புக்கிட் பிந்தாங் பக்கம் கடை கடையாகக் கேட்டுவிட்டேன், இல்லை. பினாங்கு அண்ணன், அக்காமார் வீட்டில் ஒன்று சும்மா கிடந்தால் சொல்லுங்கள். 300 ரிங்கிட் வரை தருகிறேன், பஸ் ஏறி நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.